பெரிதாக்கிப் பார்த்தவள்

வேவு பார்க்கிறாள் என்று என்னைச் சொல்கிறவர்கள் முதலில் தங்கள் போனை எடுத்து என் முன்னால் வைக்கட்டும். யார்தான் பார்க்கவில்லை? பழைய காதலி குண்டாகிவிட்டாளா, எதிர்வீட்டுக்காரன் வாங்கியது புதுக் காரா பழசா, சம்பந்தி வீட்டார் நம்மை விட்டுவிட்டு எந்த ஊருக்குச் சுற்றுலா போனார்கள் என்று உலகமே தலை நிமிராமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு வராது. அதுதான் என்னிடம் உள்ள குறை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, சின்ன ஸ்கேலை மூக்கின் மேல் வைத்து, இரண்டு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். பெற்ற தாய்கூட அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். காலையில் வெங்காயம் சாப்பிட்டாரா என்பது வரை எனக்குத் தெரிந்துவிடும். அப்புறம் பேரையும் நம்பரையும் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். போனால் போகட்டும் என்று எப்படி விடுவது? மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பேரைப் போனில் போட்டுத் தேடிவிடுவேன்.

உள்ளே மெஷினில் லென்ஸ் வெட்டுகிற அண்ணன் எனக்கு சி.ஐ.டி. என்று பட்டப்பேர் வைத்திருந்தார்.

"என்ன சி.ஐ.டி., காலைல வந்தாரே தங்க பிரேம், ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?"

"டயர் கடை. ரெண்டு பொண்ணு. போன மாசம்தான் தலைல முடி நட்டிருக்காரு. அதுக்கு மேட்ச்சாதான் தங்க பிரேம்."

"கண்ணால காண்பதும் பொய்னு பெரியவங்க சொல்லியிருக்காங்கம்மா."

"கண்ணாடிக் கடையில நின்னுகிட்டு இதச் சொல்லாதீங்க. முதலாளி காதுல விழுந்தா உங்க வேலை போயிடும்."

இப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்தவள்தான் நான்.

எனக்கென்று இருப்பது ஒரே ஒரு தங்கை. அப்பா முகம் அவளுக்கு நினைவில்லை. அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குப் பிறகு தலை பின்னிவிட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டது எல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. அவளால்தான் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், சொல்ல மாட்டேன். குட்டி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிறைமாதமாக நடந்தபோதும் எனக்குக் குட்டிதான்.

அந்த நிறைமாதத்தில்தான் நான் அவள் புருஷன் போனில் படம் போடுகிற பக்கத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். பேசாதவர்களைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. யாரோ ஒரு பெண்ணோடு நிற்கும் படம் இருந்தது. அந்தப் பெண்ணின் பக்கத்துக்குப் போனேன். அங்கே இன்னும் சில படங்கள். ஒன்றில் அவர் தோளில் அவள் தலை சாய்ந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பேர் விரலிலும் ஒரே மாதிரி மோதிரம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? உடனே ஓடிப்போய்த் தங்கையிடம் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் அதோடு சும்மா இருந்தேனா? சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் போன் போட்டுச் சொன்னேன்.

பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெண் மாப்பிள்ளைக்கு அக்கா. அவருடைய அப்பாவுக்கு முதலில் ஒரு மனைவி இருந்து, அவளுக்குப் பிறந்தவள். மோதிரம் அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் செய்து போட்டது. காலம் காலமாக அந்தக் குடும்பம் மூடி வைத்திருந்ததை நான் தெருவில் கொட்டிவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா அதற்குப் பிறகு வெளியே தலைகாட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு என்ன, ஜோசியமா தெரியும்? அக்கா என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தால் நான் ஏன் பேசப்போகிறேன்? இதைத்தான் தங்கையிடமும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பாளோ என்னவோ.

அவள் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள். "அக்கா, இனிமே எங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்காத. நீ செத்தாலும் நான் வர மாட்டேன். நான் செத்தாலும் நீ வராத."

வேறு வீட்டுக்குப் போனார்கள். நம்பரை மாற்றினார்கள். பெண் குழந்தை பிறந்தது என்பதையே மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தூக்கி வளர்த்தவளுக்கு இந்தக் கதி.

வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்றாள், நான் எட்டிப் பார்க்கவில்லை. போனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையே! என் பேரில் போனால் உள்ளே விட மாட்டாள் என்பதால், சின்னக் குழந்தைகளுக்கான துணிக்கடை என்று ஒரு கணக்குத் தொடங்கினேன். அங்கே இங்கே கிடைத்த கவுன், சட்டை, தொப்பிப் படங்களை எல்லாம் எடுத்துப் போட்டேன். கைக்குழந்தைக்காரி எவளும் துணிக்கடைக்குக் கதவைச் சாத்த மாட்டாள். என் தங்கையும் சாத்தவில்லை.

அப்படித்தான் பாப்பாவை வளர்த்தேன். ஆமாம், வளர்த்தேன் என்றே சொல்வேன். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு படத்தையும் என் போனில் எடுத்து வைத்துக்கொள்வேன். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, காது மடலில் இருந்து கால் நகம் வரை பார்ப்பேன். தொட்டுப் பார்க்க முடியாதவள் வேறு எப்படிப் பார்ப்பது? மூக்கு எங்கள் அம்மாவின் மூக்கு. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வாய் அரிக்கும். லென்ஸ் வெட்டுகிற அண்ணனிடம் சொல்வேன். என் தங்கை என்னோடு பேசுவதில்லை என்பது மட்டும் கடையில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் தங்கை அந்தத் துணிக்கடைக்குச் செய்தி அனுப்பினாள். மஞ்சள் கவுன் ஒன்றைக் காட்டி, ரெண்டு வயசுக்குக் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் மேடம், உங்களுக்கு இலவசம், புதுக் கடை என்பதால் சிலருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறோம் என்று எழுதினேன். என் தங்கையை நான் மேடம் என்று கூப்பிட்டேன்! விலாசமும் நம்பரும் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்து அதே மாதிரி கவுன் வாங்கினேன். கழுத்துப் பட்டியில் இருந்த கடைப்பேரைப் பிரித்து எடுத்தேன். பிரித்த இடம் குழந்தையின் கழுத்தில் குத்தக் கூடாதே என்று உள்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைத்து அனுப்பினேன்.

பாப்பா அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு நிற்கும் படம் வந்த அன்று நான் கடையில் வேலையே செய்யவில்லை. சோபாவின் மேல் நின்றுகொண்டு, கையை விரித்துக்கொண்டு, வாயெல்லாம் பல். என் கைபட்ட துணி அந்த உடம்பின் மேல் இருந்தது. வழக்கம்போல் பெரிதாக்கினேன். கவுன், கை, கழுத்து, மூக்கு. அப்புறம் கண்.

வீட்டுக்குள் பிளாஷ் போட்டு எடுத்த படம். அப்படி எடுத்தால் கண் சிவப்பாகத் தெரியும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலது கண் அப்படித்தான் இருந்தது. இடது கண்ணில் கருவிழிக்கு நடுவே வெள்ளையாக இருந்தது, பால் சொட்டின மாதிரி.

எங்கள் கடையில் கண் பரிசோதிக்கிற பெண் ஒருத்தி உண்டு. என்னைவிட ரொம்பச் சின்னவள், அதற்கென்று படித்தவள். அவளிடம் போய்ப் போனை நீட்டினேன். அவள் பார்த்தாள். போனை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா, வேற போட்டோ இருக்கா?"

வேறு போட்டோவா! என்னிடம் இல்லாத போட்டோவா! எடுத்துக் கொடுத்தேன். தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நிறுத்தினாள். அப்புறம் இன்னொன்றில். இரண்டிலும் அதே இடது கண்ணில் அந்த வெள்ளை. நான் நூறு தடவை பார்த்த படங்கள். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் மின்னுகிறது என்று நினைத்து ரசித்திருக்கிறேன்.

"ஒரு போட்டோன்னா ஏதோ வெளிச்சம்னு விட்டுடலாம். மூணுலயும் அதே கண்ணு. இது ஒண்ணும் இல்லாமலும் போகலாம். புரையா இருக்கலாம். உள்ள கட்டியாவும் இருக்கலாம் அக்கா, சின்னக் குழந்தைங்களுக்கு வரும். என்னன்னு நான் சொல்லக் கூடாது, குழந்தைங்க கண் டாக்டர்தான் சொல்லணும். ஆனா இன்னைக்கே காட்டச் சொல்லுங்க. சீக்கிரம் பாத்தா கண்ணக் காப்பாத்தலாம். லேட்டானா..." என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "யாரு பாப்பா இது?"

"என் தங்கச்சி பொண்ணு."

"அப்ப போன் பண்ணுங்க. இல்ல, நான் பேசட்டுமா? நான் சொன்னா கேப்பாங்க."

"என் தங்கச்சிதானே, நானே சொல்லிக்கிறேன்" என்றேன். கூடப் பிறந்தவள் என் குரலைக் கேட்டால் போனை வைத்துவிடுவாள் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? மானம் போய்விடாதா? பார், மானத்தை எந்த இடத்தில் பார்த்திருக்கிறேன் என்று.

அக்காவாகப் போய்ச் சொன்னால் துணிக்கடை வெளியே வந்துவிடும். கதவு சாத்திவிடும். பாப்பாவை அதற்கப்புறம் நான் பார்க்கவே முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. அதனால் துணிக்கடைக்காரியாகவே சொல்வது என்று முடிவு செய்தேன். பாம்பும் சாக வேண்டும், கோலும் உடையக் கூடாது.

எழுதினேன். மேடம், கவுன் படம் பார்த்தேன், பாப்பாவின் இடது கண்ணில் வெள்ளையாகத் தெரிகிறது, எனக்குத் தெரிந்தவர் கண் பரிசோதிக்கிறவர், அவரிடம் காட்டினேன், உடனே குழந்தைகள் கண் டாக்டரிடம் காட்டச் சொன்னார், பயப்படாதீர்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள் என்று நிதானமாக எழுதினேன். எழுத்து எழுத்தாகத் தப்பு வந்தது, திருத்தித் திருத்தி எழுதினேன்.

அவள் உடனே பதில் அனுப்பினாள். "ஐயோ, அப்படியா? நானும் ஒரு தடவை பாத்தேன், போன் கோளாறுன்னு நினைச்சேன். ரொம்ப பயமா இருக்குங்க. நாளைக்குக் காலைல முதல் வேலையா தூக்கிட்டுப் போறேன். யாரோ எவரோ, இவ்வளவு அக்கறையா சொன்னீங்களே. நீங்க நல்லா இருக்கணும்."

அதைப் படித்துவிட்டு அழுதேன். நீங்க நல்லா இருக்கணும் என்று என் தங்கை என்னைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதே நான் போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை கடைக்கு வந்தேன். ஒரு பெரியவரின் கண்ணாடிக்கு மூக்குப் பட்டையில் திருகாணி போட்டுக்கொண்டிருந்தேன். கை அங்கே இருந்தது, மனது ஆஸ்பத்திரியில் இருந்தது. கிளம்பியிருப்பாளா? அவளுக்கு எதற்கும் சாவகாசம்தான், சின்ன வயசில் இருந்தே அப்படி. பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பாள். குழந்தைக்கு எதையாவது ஊட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? கூட்டம் சேர்ந்துவிட்டால்? டாக்டர் மதியம் எழுந்து போய்விட்டால்? பெரியவரைக் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

"கிளம்பிட்டியா குட்டி? முதல்ல போய் டோக்கன் வாங்கு. பாப்பா கண்ணத் தேய்க்காமப் பாத்துக்கோ. சும்மா பயந்து அழுதுகிட்டு நிக்காத, நான் இருக்கேன்."

அனுப்பின பிறகுதான் படித்தேன். அழித்துவிடலாம் என்று விரலை வைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை வந்தால்தான் வாய் திறக்கும். எனக்கு அதுவும் வேண்டாம்.

பிறகு ஒரே வார்த்தை வந்தது.

"அக்காவா?"

நான் பதில் எழுத ஆரம்பிக்கும்போதே அவள் பக்கம் காணாமல் போயிற்று. படங்கள் இல்லை, பேர் இல்லை. அப்படி ஒரு ஆளே இந்த உலகத்தில் இல்லாத மாதிரி இருந்தது.

பார்சலுக்காகக் கொடுத்த நம்பர் இருந்ததே, கடை போனில் இருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அவள் வைத்துவிடவில்லை. வைத்திருந்தால்கூடத் தேவலாம்.

"முந்தி என் புருஷன். இப்ப என் குழந்தையா?"

"குட்டி, சத்தியமா சொல்றேன். நான் பெருசாக்கிப் பாத்தேன்..."

"அன்னைக்கும் இதேதான் சொன்ன. பெருசாக்கிப் பாத்தேன், மோதிரத்தப் பாத்தேன்னு. ரெண்டு வருஷமா துணிக்கடைக்காரி வேஷம் போட்டு என் வீட்டுக்குள்ள உக்காந்திருக்க. என் குழந்தைக்கு நீ குடுத்த துணியப் போட்டு அழகு பாத்திருக்கேன். நான் ஒரு முட்டாள்."

"என்னத் திட்டு. செருப்பால அடி. ஆனா பாப்பாவத் தூக்கிட்டுப் போ. எங்க கடையில கண் பாக்கிற பொண்ணு சொன்னா."

"குழந்தைக்கு நோவுன்னு சொன்னா நான் பயந்து உன்ன உள்ள விட்டுடுவேன்னு நினைச்சியா? பெத்தவ வயித்துல நெருப்பக் கொட்டி அதுல குளிர் காயிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

வைத்துவிட்டாள். மானத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, கண் பரிசோதிக்கிற பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, நீ பேசம்மா என்று கெஞ்சினேன். அவள் பேசினாள். பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களையும் அவ செட் பண்ணிட்டாளான்னு கேக்கறாங்க அக்கா" என்றாள். அடுத்த தடவை கூப்பிட்டபோது மணி அடிக்கவே இல்லை.

புலி வருது புலி வருது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். புலி நிஜமாகவே வந்த அன்று கத்தினவன் தொண்டை எப்படிக் கிழிந்திருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

விலாசம் இருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். மாடி வீடு. வாசலில் சின்னதாக ஒரு ஜோடி செருப்பு, குதிகாலில் வாத்துப் படம் போட்டது. அது எனக்குத் தெரிந்த செருப்பு. கதவைத் திறந்தது மாப்பிள்ளை. அவர் இடுப்பில் பாப்பா இருந்தது.

முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன். படத்தில் தெரிவதைவிட மெலிவு. என்னைப் பார்த்துச் சிரித்தது. வெளியாள் என்று பயப்படவில்லை. எனக்கு எல்லாம் மறந்துபோய்க் கையை நீட்டிவிட்டேன். மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் போனார்.

"மாப்பிள்ளை, நான் உள்ள வரல. கண்ண மட்டும் பாக்கச் சொல்லுங்க. அத சொல்லத்தான் வந்தேன்."

அவர் குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் இரண்டு கண்ணும் கருகருவென்று ஒரே மாதிரி இருந்தன. ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"நல்லாதானே இருக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கேட்டார். "போன மாசம் ஊசி போடப் போனோம். அந்த டாக்டரும் ஒண்ணும் சொல்லலையே."

"இப்படிப் பாத்தா தெரியாது. பிளாஷ் போட்டு எடுத்தாதான் தெரியும். இருங்க, இப்பவே காட்டறேன்" என்று நான் அவசரமாகப் போனைத் தூக்கிக் குழந்தைக்கு நேரே பிடித்தேன்.

அதற்குள் தங்கை உள்ளே இருந்து ஓடி வந்தாள். "எடுக்கறா பாருங்க! என் வாசல்லயே வந்து நின்னு எடுக்கறா!" என்று கத்திக்கொண்டே வந்து, தன் உள்ளங்கையால் பாப்பாவின் முகத்தை மூடினாள். என் போனில் விழுந்தது அவள் புறங்கை மட்டும்தான். குழந்தை பயந்து வீறிட்டது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அது அழுது அடங்கும் வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுக்காரர் வந்து, யாரம்மா நீங்கள் என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மூடிக்கொண்டது. சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, யாருடைய பக்கத்திலும் பாப்பா படம் வரவில்லை. மாப்பிள்ளையின் பக்கமும் போயிற்று. புதுப்புதுப் பேரில் போய்த் தட்டிப் பார்த்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. போனாளா, போகவில்லையா? டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பாரா? அப்படி இருந்தால் நான் பொய்க்காரி. பரவாயில்லை, பொய்க்காரியாகவே இருக்கிறேன், அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கடையில் அந்தச் சின்னப் பெண் காலையில் வந்ததும், "அக்கா, காட்டினாங்களா?" என்று கேட்பாள். காட்டியிருப்பார்கள் என்பேன். கொஞ்ச நாளில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். லென்ஸ் வெட்டுகிற அண்ணன் என்னை சி.ஐ.டி. என்று கூப்பிடுவதில்லை. நானும் யாரையும் தேடுவதில்லை. அளந்து முடித்ததும் ஆட்கள் எழுந்து போகிறார்கள், நான் அடுத்தவரைக் கூப்பிடுகிறேன்.

கோடை முடிந்து, மழையும் முடிகிற சமயத்தில் ஒரு நாள் மத்தியானம் கடை போன் அடித்தது. ஒரு அம்மாளை உட்காரவைத்து மூக்கின் மேல் ஸ்கேலைப் பிடித்திருந்தேன். உனக்குத்தான் என்று முதலாளி நீட்டினார்.

"நான்தான்" என்றாள் தங்கை.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"கண்ண எடுத்துட்டாங்க."

சாதாரணமாகச் சொன்னாள். அழுது தீர்ந்துபோன குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இடது பக்கம் இருக்கிறதெல்லாம் பாப்பாவுக்கு இடிக்க ஆரம்பித்த பிறகுதான் போனார்களாம். அதற்குள் கட்டி கண்ணை நிறைத்துவிட்டதாம். உயிருக்கு ஆபத்து இல்லை, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

"அதுக்காகக் கூப்பிடல. ஒண்ணு கேக்கணும். இன்னொரு கண்ணுலயும் வரலாம்னு சொல்றாங்க. பழைய போட்டோல அந்தக் கண்ணுல எப்பவாவது வெள்ளையாத் தெரிஞ்சிருக்கான்னு டாக்டர் கேக்கறார். என்னால அந்தப் போட்டோவையெல்லாம் தொறக்கவே முடியல. எங்க வீட்டுக்காரரும் பாக்க மாட்டேங்கறார். உங்கிட்ட எல்லாம் இருக்கும்ல? பெருசாக்கிப் பாத்திருப்பல்ல?"

"இரு" என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளை அப்படியே விட்டுவிட்டு என் போனைத் திறந்தேன். தவழ்ந்தது, நின்றது, நாற்காலியைப் பிடித்தது, மஞ்சள் கவுன். ஒவ்வொன்றாக விரித்து வலது கண்ணை மட்டும் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"இல்ல குட்டி. ஒண்ணுலகூட இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்துட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

நம்பினாள். அவள் பெருமூச்சு விட்டதில் இருந்து தெரிந்தது. இப்போது வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"அன்னைக்குக் காலைல நான் கிளம்பிட்டேன்க்கா. யாரோ ஒரு துணிக்கடைக்காரி சொன்னான்னு விடிஞ்சதும் எழுந்து, பாப்பாவக் குளிப்பாட்டி, பையெல்லாம் எடுத்துக்கிட்டு, செருப்பு மாட்டிட்டு நின்னேன். ஆட்டோ வாசல்ல வந்து நின்னுச்சு. அப்பதான் உன் மெசேஜ் வந்துச்சு. ஆட்டோவத் திருப்பி அனுப்பிட்டேன்."

அப்புறம்தான் போனை வைத்தாள்.